ஜப்பானிய வரலாற்று நாவல்: நால்வரில் யாரிடம் முதலில் போவது?

"முசாஷி வாங்கிட்டேன். இருநூறாம் பக்கத்துல நிக்குது. தள்ளிக்கிட்டே போகவா, இல்ல வேற எதையாவது எடுக்கவா?"

போன மாதம் நண்பர் ஒருவர் கேட்டது. யோஷிகாவா எய்ஜி எழுதிய முசாஷி, ஒரு வாள்வீரனின் கதை. கிட்டத்தட்ட ஆயிரம் பக்கப் புத்தகம். கையில் செங்கல் மாதிரி இருக்கும். சாமுராய் படம் பார்த்து வந்தவர்கள், வேகபாண்ட் என்ற மங்கா (ஜப்பானியப் படக்கதை) படித்து வந்தவர்கள், ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படிக்கும்போது ஆர்வம் தொற்றியவர்கள் என்று பலரும் இதே இடத்தில்தான் வந்து முட்டுகிறார்கள். ஜப்பானிய வரலாற்று நாவல் படிக்க ஆசை இருக்கிறது, யாரிடம் முதலில் போவது என்று தெரியவில்லை. யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு முசாஷியைக் கை காட்டுகிறார்கள்.

நான் அப்படிக் காட்ட மாட்டேன். ஆங்கிலத்தில் கிடைக்கிற நான்கு பேரை எடுத்துக்கொள்வோம்: யோஷிகாவா எய்ஜி, ஷிபா ரியோதாரோ, இனோவே யாசுஷி, எண்டோ ஷூசாகு. நால்வருமே பண்பாட்டுக்காக ஜப்பானிய அரசு தரும் உயரிய விருதைப் பெற்றவர்கள். அதனால் 'யார் பெரியவர்' என்ற பேச்சை இங்கே எடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கு யார் ஒத்துவருவார் என்பதுதான் கேள்வி.

(பெயர்களை ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வருமாறு எழுதியிருக்கிறேன். ஆங்கில அட்டைகளில் 'எய்ஜி யோஷிகாவா' என்று திருப்பிப் போட்டிருப்பார்கள். கடையில் தேடும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.)

## எதை வைத்து அளப்பது

முதலாவது நேரம். 200 பக்க நாவலும் நான்கு தொகுதி நாவலும் ஒரே தட்டில் நிற்காது. இரண்டு வார இறுதிகள் இருக்கின்றனவா, ஆறு மாதம் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் வந்திருப்பது முழு நூலா என்பது. இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பல பெரிய ஜப்பானிய நாவல்கள் சுருக்கப்பட்டோ பாதியில் நின்றோ தான் மொழிபெயர்ப்பாகியிருக்கின்றன.

மூன்றாவது, எவ்வளவு முன்னறிவு வேண்டும். ஜப்பானிய வாசகருக்கு செகிகஹாரா என்ற ஒரு சொல் போதும், 1600-ல் நடந்த போர் கண்முன் வந்துவிடும். நமக்கு அது வெறும் ஊர்ப்பெயர்.

நான்காவது, வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு. படித்ததை நாளைக்கு உண்மை என்று நாலு பேரிடம் சொல்லப்போகிறீர்கள் என்றால் இது முக்கியம்.

ஐந்தாவதாக ஒன்றை நான் எப்போதும் சேர்த்துக்கொள்வேன்: அந்த எழுத்தாளர் வரலாற்றுக்குள் ஏன் போனார்? இந்த நான்கு பேரிலும் அதற்கான காரணம் அவரவர் வாழ்க்கையிலேயே கிடக்கிறது. அது தெரிந்துவிட்டால் புத்தகத்தின் ருசியை முன்கூட்டியே ஓரளவு ஊகித்துவிடலாம்.

## யோஷிகாவா எய்ஜி: கதைக்காக வருபவர்களுக்கு

1892-ல் பிறந்தவர். யோகோஹாமா பக்கம் வளர்ந்தார். அப்பாவின் தொழில் நொடித்துப்போனது. பதினோரு வயதில் பள்ளிக்கூடம் நின்றது. கிடைத்த வேலையெல்லாம் செய்தார். யோகோஹாமா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது விழுந்து அடிபட்டு, பிழைத்ததே பெரிது என்றாயிற்று. அப்புறம் டோக்கியோ போய் அரக்கு வேலைப் பட்டறையில் எடுபிடி. இடையில் சென்ரியூ என்ற கேலிக் குறுங்கவிதைகள் எழுதிப் பழகினார். செய்தித்தாள் வேலை ஒன்று கிடைத்தது. 1923 பூகம்பம் அதையும் கொண்டுபோனது. அதன் பிறகுதான் எழுத்தே தொழில் என்று உட்கார்ந்தார். எய்ஜி என்ற பெயர்கூட அச்சில் ஓர் எழுத்து மாறிப்போனதால் வந்தது என்பார்கள். பிடித்துப்போகவே அப்படியே வைத்துக்கொண்டாராம்.

இந்த மனிதர் எழுதிய நாயகர்களைப் பாருங்கள். ஊருக்கு ஆகாத முரட்டுப் பையன் வாள்வீரனாகிறான் (முசாஷி). செருப்புத் தூக்கியவன் நாட்டையே ஆளுகிறான் (தைகோ). 'என்னைத் தவிர எல்லாரும் எனக்கு ஆசான்' என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கு. கீழேயிருந்து ஏறி வந்தவரின் வரலாறு அது.

முசாஷி பிறந்த கதையே ஒரு சண்டைதான். 1930-களின் தொடக்கத்தில், முசாஷி நிஜமாகவே பெரிய வீரனா என்று இரண்டு எழுத்தாளர்கள் மோதிக்கொண்டார்கள். இல்லை என்றார் நவோகி சன்ஜூகோ. ஆமாம் என்றார் கிகுச்சி கான். யோஷிகாவா கிகுச்சி பக்கம் நின்றார். ஏன் என்று எழுதிக் காட்டும்படி நவோகி சவால் விட்டார். அப்போது பதில் சொல்லாத யோஷிகாவா, 1935-ல் ஆசாஹி செய்தித்தாளில் தொடர்கதையாகப் பதில் சொல்ல ஆரம்பித்து 1939-ல் முடித்தார். சவால் விட்ட நவோகி அதைப் படிக்க உயிரோடு இல்லை.

இந்த நாவலின் பலம் என்ன என்று கேட்டால் நான் வாள்சண்டையைச் சொல்ல மாட்டேன், ஒரு பூங்கொம்பைச் சொல்வேன். யாக்யூ செகிஷூசாய் என்ற முதிய வாள் ஆசான், தன்னைப் பார்க்க வந்து அலட்டிய ஓர் இளைஞனுக்கு நேரில் பேட்டி தராமல், ஒரு பியோனிப் பூவைக் கொம்போடு வெட்டிப் பரிசாக அனுப்புகிறார். அவன், பூவா, எனக்கெதற்கு என்று திருப்பி அனுப்பிவிடுகிறான். அந்தப் பூ சுற்றிச் சுற்றி முசாஷி தங்கியிருக்கும் விடுதிக்கு வருகிறது. முசாஷி பூவைப் பார்க்கவில்லை, கொம்பின் வெட்டுவாயைப் பார்க்கிறான். கத்தரியோ கத்தியோ பட்டதல்ல, வாள். அதுவும் சாதாரணக் கை இல்லை. தன் வாளால் மறுமுனையை வெட்டி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, தான் எவ்வளவு கீழே இருக்கிறோம் என்று புரிந்துகொள்கிறான். ஒரு துளி ரத்தம் இல்லாமல் ஒரு தோல்வி. தொடர்கதை எழுத்தில் இப்படி ஒரு காட்சி வாய்ப்பது அபூர்வம்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். 1981-ல் வந்த சார்லஸ் டெர்ரியின் ஆங்கிலப் பெயர்ப்பு சுருக்கப்பட்டது. ஆயிரம் பக்கமும் சுருக்கமா என்று மலைக்காதீர்கள். ஜப்பானிய மொழியில் கையடக்கப் பதிப்பே எட்டுத் தொகுதி. அடுத்தது தொடர்கதைக்கே உரிய நோய்: பிரிந்தவர்கள் ஏதோ ஒரு மலைப்பாதையில் தற்செயலாகச் சந்திப்பார்கள், அல்லது ஒரு மரத்தடி தள்ளிச் சந்திக்காமல் போவார்கள். ஓட்சூ என்ற பெண் ஆயிரம் பக்கமும் காத்திருப்பாள். நாளொரு அத்தியாயமாகப் படித்தவர்களுக்கு இது சுகம். மொத்தமாக உட்கார்ந்து படிக்கும்போது சலிக்கும். நண்பர் இருநூறாம் பக்கத்தில் நின்றதில் ஆச்சரியமே இல்லை.

பெயர்க் குழப்பமும் உண்டு. முதல் பகுதியில் தகேசோ என்று ஒருவன் வருவான். பிறகு அவனே முசாஷி. அதே எழுத்துகள்தான், வாசிக்கிற விதம் வேறு. தைகோவில் இன்னும் மோசம்: ஹியோஷி, தோகிச்சிரோ, ஹிதேயோஷி மூவரும் ஒரே ஆள். நான் புத்தகத்தின் கடைசித் தாளில் பென்சிலால் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டுதான் கரையேறினேன்.

வரலாறு என்று நம்பினால் ஏமாறுவீர்கள். ஓட்சூ கற்பனைப் பெண். தகுவான் துறவி நிஜமானவர்தான், ஆனால் முசாஷியை அவர் சந்தித்ததற்குச் சான்று இல்லை. 1612-ல் சசாகி கோஜிரோவோடு தீவில் நடந்த மோதல் மாதிரியான சில எலும்புகள் மட்டும் வரலாறு, சதை முழுக்க யோஷிகாவாவுடையது. ஆனால் இன்றைக்கு ஜப்பானியரில் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் முசாஷி இந்தக் கற்பனை முசாஷிதான்.

அந்த ஆண்டுகளையும் மறந்துவிடக் கூடாது. 1935 முதல் 1939 வரை என்றால் ஜப்பான் சீனாவுக்குள் படை நடத்திக்கொண்டிருந்த காலம். யோஷிகாவா 1937-ல் செய்தித்தாள் சார்பில் சீனா போனார். அடுத்த ஆண்டு அரசு அனுப்பிய எழுத்தாளர் குழுவிலும் போனார். 'தன்னையே ஒரு வாளாகத் தீட்டிக்கொள்' என்கிற இந்த நாவலின் குரல் அந்தக் காலத்துக்கு ரொம்பவே வசதியாக இருந்தது. 1945-ல் தோற்ற பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் அவர் எழுதவே இல்லை. மறுபடி எழுதிய பெரிய படைப்பு புதிய ஹெய்கே கதை; 1950 முதல் 1957 வரை வார இதழில் வந்தது. அதிகாரத்தின் உச்சிக்குப் போய் அழிந்த ஒரு குலத்தின் கதை. தோல்விக்குப் பிறகு அவர் அதைத் தேர்ந்தெடுத்தது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் 1956-ல் வந்த 'தி ஹெய்கே ஸ்டோரி' அதன் முன்பகுதி மட்டும்தான், பாதி வழியில் நின்றுவிடும். வாங்கிவிட்டு 'மீதி எங்கே' என்று தேடாதீர்கள்.

யோஷிகாவா எப்போது சரியான தேர்வு? நீண்ட விடுமுறை இருக்கிறது, ஒரு கதைக்குள் போய்க் குடியிருக்க ஆசை, தற்செயல்களை மன்னிக்கிற மனசு இருக்கிறது என்றால் இவர்தான். சண்டையைவிட அரசியல் சூழ்ச்சி பிடிக்கும் என்றால் முசாஷியை விட்டுத் தைகோவை எடுங்கள். குயில் பாடாவிட்டால் என்ன செய்வது என்ற பழைய கேள்வியோடு அது தொடங்கும். பதில் சொல்பவர்கள் நாட்டை அடக்கி ஆள வந்த மூன்று தலைவர்கள். கொன்றுவிடு என்கிறார் நொபுனாகா. பாட வைக்கிறேன் என்கிறார் ஹிதேயோஷி. பாடும்வரை காத்திருப்பேன் என்கிறார் இயேயாசு. மூன்று மனிதரும் இந்த மூன்று வரிக்குள் இருக்கிறார்கள்.

இன்னொன்று: அவர் 1962-ல் இறந்ததால் ஜப்பானில் அவர் நூல்களின் உரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டிருப்பவர்கள் அவோசோரா புன்கோ இணைய நூலகத்தில் மூல முசாஷியை இலவசமாகவே படிக்கலாம். ஆங்கிலப் பெயர்ப்புக்கு இது பொருந்தாது.

## ஷிபா ரியோதாரோ: 'ஏன் இப்படி ஆயிற்று' என்று கேட்பவர்களுக்கு

1923 ஆகஸ்ட் 7, ஒசாகா. உண்மைப் பெயர் ஃபுகுதா தெய்இச்சி. மங்கோலிய மொழி படித்துக்கொண்டிருந்தவரைப் படையில் சேர்த்து டாங்கிப் பிரிவில் போட்டார்கள், மஞ்சூரியாவில் இருந்தார். போர் முடியும்போது ஜப்பானுக்குத் திரும்பி, டோக்கியோவுக்கு வடக்கே எதிரியின் தரையிறக்கத்தை எதிர்பார்த்து நின்றது அவருடைய பிரிவு. 'மக்கள் நகரத்தைவிட்டு ஓடிவருவார்களே, சாலை அடைந்துகொண்டால் டாங்கியை எப்படிக் கொண்டுபோவது' என்ற கேள்விக்கு மேலிடத்து அதிகாரி, ஏற்றிக் கொன்றுவிட்டுப் போ என்று சொன்னதாகப் பின்னாளில் பலமுறை எழுதினார். அந்தப் பேச்சு அப்படியே நடந்ததா என்று சிலர் ஐயப்பட்டதும் உண்டு. எப்படியானாலும் அவர் எழுத்துக்கு அதுதான் வேர். ஜப்பான் சரணடைந்த அன்று அவருக்கு 22 வயது முடிந்து எட்டு நாள். இவ்வளவு அறிவுகெட்ட நாடாக எப்போது மாறினோம், பழைய ஜப்பானியர் இப்படி இருந்திருக்க மாட்டார்களே என்று அன்றைக்கு எழுந்த கேள்விக்குத்தான் வாழ்நாளெல்லாம் பதில் தேடினார். தன் நாவல்கள் 22 வயதான தனக்குத் தானே எழுதும் கடிதங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சான்கெய் செய்தித்தாளில் நிருபராக இருந்துகொண்டே எழுத ஆரம்பித்து நவோகி பரிசு வாங்கினார். ஆமாம், முசாஷியை மறுத்த அதே நவோகியின் பெயரில் உள்ள பரிசுதான். புனைபெயரில்கூட ஒரு வரலாற்றாசிரியர் ஒளிந்திருக்கிறார்: சீனத்தின் பெரிய வரலாற்றாசிரியர் சிமா சியானுக்கு நான் எட்டாத தூரம் கீழே என்பது அதன் பொருள்.

யோஷிகாவாவைப் படித்துவிட்டு இவரிடம் வந்தால் முதலில் அதிர்ச்சியாக இருக்கும். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் குறுக்கே வந்து, 'இது கிளைக்கதை, இருந்தாலும் சொல்கிறேன்' என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு பீரங்கியின் வரலாறு, ஒரு ஊர்க்காரர்களின் குணம், ஒரு தளபதியின் பேரன் எங்கே இருக்கிறார் என்று போகும். ஜப்பானில் இந்தக் கிளைக்கதைகளுக்காகவே இவரைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கும் பிடிக்கும். பிடிக்காதவர்களுக்கு இவரோடு பத்துப் பக்கம்கூட நகராது.

புகழ்பெற்ற நூல் 'கிளவுட்ஸ் அபவ் தி ஹில்'. மலைக்கு மேலே மேகங்கள். 1968-லிருந்து 1972 வரை சான்கெய்யில் வந்தது. மத்சுயாமா என்ற சிற்றூர்க்காரர்கள் மூன்று பேர்: குதிரைப்படையை உருவாக்கும் அண்ணன், கடற்படைத் திட்டம் வகுக்கும் தம்பி, தம்பியின் நண்பனான ஹைக்கூ கவிஞர் மசாவோகா ஷிகி. 1905-ல் ரஷ்யக் கப்பற்படையைத் தோற்கடித்த சுஷிமா கடற்போர் வரை கதை போகிறது. ஷிகி முதுகெலும்புக் காசநோயில் படுத்துக் கிடந்து 1902-லேயே இறந்துவிடுகிறார். என் பார்வையில் அதோடு நாவலின் உயிரில் பாதி போய்விடுகிறது. மீதி பெரும்பாலும் பீரங்கியும் பதுங்குகுழியும்தான்.

ஆங்கிலத்தில் இது சுருக்கப்படாமல் நான்கு தொகுதியாக வந்திருக்கிறது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் வெளியிட்டது கல்விசார் பதிப்பகம். விலையும் நூலகங்களை மனத்தில் வைத்துப் போட்டது மாதிரிதான் இருக்கும். நான்கையும் ஒரே மூச்சில் வாங்காதீர்கள். முதல் தொகுதியை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு செலவு பணத்தில் வராது. மெய்ஜி காலம் (1868-க்குப் பின் நாடு நவீனமான காலம்) ஒளி, அதற்கப்புறம் வந்த ஷோவா காலம் (உலகப் போருக்குள் போன காலம்) இருட்டு என்கிற ஒரு சித்திரம் இந்த நாவலில் ஓடுகிறது. ஜப்பானில் இதை 'ஷிபா பார்வை' என்றே பெயர் வைத்து விவாதிக்கிறார்கள். அந்த ஒளிமயமான வெற்றிக்குக் கொரியா கொடுத்த விலை இங்கே ஓரமாகத்தான் வருகிறது. ரஷ்யர் வசமிருந்த போர்ட் ஆர்தர் துறைமுகக் கோட்டையை முற்றுகையிட்ட தளபதி நோகியைத் திறமையற்றவர் என்று அவர் எழுதியது இன்னும் ஓயாத சண்டை. போரைப் போற்றுவதாக ஆகிவிடும் என்று பயந்து, உயிரோடு இருந்தவரை இதைப் படமாக்க அவரே சம்மதிக்கவில்லை. 1996-ல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2009-ல்தான் தொலைக்காட்சித் தொடராக வந்தது. எழுதியவருக்கே தன் நூலைப் பற்றி அந்த அச்சம் இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

அதனால் ஷிபாவை ருசி பார்க்க நான் கொடுப்பது 'தி லாஸ்ட் ஷோகன்'. சுமார் 250 பக்கம். ஷோகன் என்றால் மன்னர் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவர். கடைசி ஷோகன் தொகுகாவா யோஷினோபுவின் கதை. அபார அறிவாளி, எதிராளி என்ன சொல்லப்போகிறான் என்று முன்கூட்டியே தெரிகிற ஆள், அதனாலேயே எதிலும் உறுதியாக நிற்க முடியாதவர். 1868 ஜனவரியில் தன் படை சண்டையில் அடிவாங்கிக்கொண்டிருக்க, ராத்திரியோடு ராத்திரியாக ஒசாகா கோட்டையிலிருந்து நழுவுகிறார். இருட்டில் சொந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் முதலில் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலில் ஏறிக்கொள்கிறார். நாட்டை ஆண்டவர், அந்நியன் கப்பலில் இரவல் இடத்தில். அதன் பிறகு புகைப்படம் எடுத்துக்கொண்டும் சைக்கிள் ஓட்டிக்கொண்டும் 1913 வரை வாழ்ந்தார். வீரனைப் பற்றி எழுதுவதைவிட இப்படி நழுவிய மனிதரைப் பற்றி எழுதும்போது ஷிபா இன்னும் கூர்மையாக இருக்கிறார்.

ஜப்பான் எப்படி நவீன நாடாயிற்று என்பதில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால், கட்டுரையையும் கதையையும் கலந்து படிக்கப் பிடிக்கும் என்றால் ஷிபா. வாள்சண்டை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான்.

## இனோவே யாசுஷி: நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு

நால்வரில் நான் முதலில் சிபாரிசு செய்வது இவரை. ஆனால் இவருடைய புகழ்பெற்ற வரலாற்று நாவல்கள் பல ஜப்பானிலேயே நடக்காது! அங்கேதான் ஒரு சிக்கல்.

1907-ல் ஹொக்கைடோவில் பிறந்தார். அப்பா ராணுவ மருத்துவர், ஊர் ஊராக மாற்றல். குழந்தையை இசு மலைக்கிராமத்தில் விட்டுவிட்டார்கள். வளர்த்தது கொள்ளுத்தாத்தாவின் ஆசைநாயகியாக இருந்த ஒரு முதியவள், வீட்டுச் சேமிப்புக் கிடங்கு ஒன்றில். குடும்பத்தின் விளிம்பில் நின்று எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்த பையன். பெரியவரான பிறகும் அந்தத் தூரம் அவர் எழுத்தை விட்டுப் போகவில்லை. மாய்னிச்சி செய்தித்தாளில் வேலை பார்த்து, நாற்பதைத் தாண்டித்தான் அகுதாகாவா என்ற இலக்கியப் பரிசு வாங்கினார்.

'துன்-ஹுவாங்' 1959. பதினோராம் நூற்றாண்டுச் சீனா. அரசுத் தேர்வு எழுத வந்த ஓர் இளைஞன், தன் முறைக்காக முற்றத்தில் காத்திருந்தபடியே தூங்கிப்போகிறான். கனவில் மன்னர் முன்னால் பிரமாதமாகப் பதில் சொல்கிறான். விழித்தால் தேர்வு முடிந்துவிட்டது. வாழ்க்கையே கைநழுவியவன் சந்தையில் சுற்றும்போது, சீனத்தின் வடமேற்கு எல்லையில் இருந்த சீசியா இனப்பெண் ஒருத்தியைப் பலகையில் கிடத்தி உடம்பைக் கூறு போட்டு விற்கப் பார்க்கிறார்கள். முழுசாக அவளை வாங்கி விடுவிக்கிறான். அவள் நன்றியாகக் கொடுத்தது ஒரு துணித்துண்டு. அதில் அவனுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. அந்த எழுத்து என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் பாலைவனத்துக்குள் போகிறான்.

1900-ல் துன்ஹுவாங் குகையொன்றில் ஆயிரக்கணக்கான பழஞ்சுவடிகள் மூடிக்கிடந்தது தெரியவந்தது. யார் மூடினார்கள், ஏன் என்று சொல்லும் குறிப்பு எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்துக்குள்தான் இனோவே தன் கதையை வைக்கிறார். தெரிந்த வரலாற்றை முறுக்காமல், தெரியாத இடத்தில் மட்டும் கற்பனை செய்கிற நேர்மை எனக்குப் பிடித்தது. இத்தனைக்கும் எழுதும்போது அவர் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஏறக்குறைய இருபது வருடம் கழித்துத்தான் முதன்முதலில் போனார்.

இதோடு சேர்த்துப் படிக்க 'தி ரூஃப் டைல் ஆஃப் டெம்ப்யோ'. எட்டாம் நூற்றாண்டில் சீனாவுக்குப் போன ஜப்பானியத் துறவிகளின் கதை. அதில் ஒருவர் பல பத்தாண்டுகள் அறைக்குள் உட்கார்ந்து சுவடிகளைப் பிரதி எடுத்துக்கொண்டே இருப்பார். தான் எதையும் புதிதாகச் சிந்திக்கப் போவதில்லை, பிழையில்லாத பிரதி நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று. கடைசியில் அந்தச் சுவடிகள் கடலோடு போகும். ஒரு நாவலில் ஏடுகள் பிழைக்கின்றன, இன்னொன்றில் மூழ்குகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த வாரத்தில் வேறெதுவும் படிக்க ஓடவில்லை.

செலவு என்ன? உணர்ச்சி அடங்கிய எழுத்து. பாத்திரங்கள் உள்ளே என்ன நினைக்கிறார்கள் என்று அதிகம் சொல்ல மாட்டார். பலருக்கு 'காய்ந்து கிடக்கிறது' என்று தோன்றும். அப்புறம் ஊர்ப்பெயர்கள். ஆங்கிலப் பெயர்ப்பில் சீனப் பெயர்கள் பழைய முறையில் இருக்கும், இன்றைய வரைபடத்தில் அதே எழுத்தில் தேடினால் கிடைக்காது. வரலாற்று நேர்மை பற்றி இவர் மீதும் ஒரு வழக்கு உண்டு. செங்கிஸ்கான் பற்றிய 'தி ப்ளூ வுல்ஃப்' நாவலை, மூல ஆவணத்தைத் தன் வசதிக்கு வளைத்த கதை, வரலாற்று நாவலே ஆகாது என்று ஓவோகா ஷோஹெய் 1961-ல் கடுமையாகத் தாக்கினார். இனோவே பதில் சொன்னார். அதனால்தான் தொடங்க அந்த நூலை நான் சொல்லவில்லை.

ஜப்பான்தான் வேண்டும், ஆனால் சுமார் இருநூறு பக்கத்தில் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இவருடைய 'ஃபூரின் கசான்' இருக்கிறது. தகேதா ஷிங்கென் என்ற தளபதியின் ஆலோசகர் கதை. சாமுராய் ஆசைக்கு நல்ல முதல் டோஸ்.

## எண்டோ ஷூசாகு: கேள்வியோடு வருபவர்களுக்கு

இவரை வரலாற்று நாவலாசிரியர் என்று மட்டும் சொல்வது சரியில்லை. வேறு பலவும் எழுதினார். ஆனால் 'சைலன்ஸ்', 'தி சாமுராய்' என்ற இரண்டும் இந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கக் கூடாது.

நமக்கும் இந்தக் கதைக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1542-லிருந்து 1544 வரை முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே வேலை செய்த பிரான்சிஸ் சேவியர்தான் 1549-ல் ககோஷிமாவில் இறங்கி ஜப்பானில் கிறித்தவத்தைத் தொடங்கினார். இங்கே தூத்துக்குடிக் கரையில் அது தங்கிவிட்டது. அங்கே நூறு வருடத்துக்குள் தடை, சித்திரவதை, தலைமறைவு. அந்த இருட்டுக் காலம்தான் சைலன்ஸ்.

எண்டோ 1923-ல் பிறந்தவர், ஷிபாவின் அதே ஆண்டு. பெற்றோர் பிரிந்த பின் அம்மாவோடு கோபேயில் வளர்ந்தார். சிறுவனாக இருக்கும்போதே கத்தோலிக்க ஞானஸ்நானம். அந்த மதம், அம்மா போட்டுவிட்ட உடம்புக்குப் பொருந்தாத கோட்டு என்று பிறகு சொன்னார். கழற்றவும் மனமில்லை, அப்படியே போட்டுக்கொள்ளவும் முடியவில்லை. பிரான்சில் படித்தார், காசநோய் வந்தது, 1960-களின் தொடக்கத்தில் நீண்ட நாள் மருத்துவமனையில் கிடந்து நுரையீரலில் மூன்று அறுவை சிகிச்சை. எழுந்து நாகசாகி போனபோது ஒரு பழைய 'ஃபூமியே'யைப் பார்த்தார். கிறித்தவர் அல்ல என்று நிரூபிக்க மிதிக்கச் சொன்ன ஏசு உருவம். அதைப் பதித்த மரச்சட்டத்தில் கறுப்பாகக் கால்விரல் தடம். மிதித்தவர்கள் எந்த மனத்தோடு மிதித்தார்கள்? தியாகிகளைப் பற்றி ஆவணங்கள் உண்டு. பயந்து மிதித்தவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்? நாவல் அந்த விரல் தடத்திலிருந்து வந்தது.

1966-ல் வெளியானது. கத்தோலிக்கர் பலருக்கே இது உவப்பாக இல்லை. சுமார் 200 பக்கம், சுருக்கம் இல்லை, முன்னறிவு தேவையில்லை. அளவுகோலில் எல்லாப் பெட்டியிலும் நல்ல மதிப்பெண் வாங்கும். பிறகு ஏன் இதை முதலில் சொல்லவில்லை? இதைப் படித்த பிறகு உடனே இன்னொரு ஜப்பானிய வரலாற்று நாவலை எடுக்கத் தோன்றாது. அதுதான் இதன் விலை. கடைசியில் அதிகாரி ஒருவரின் நாட்குறிப்பு மாதிரி வறட்டு மொழியில் சில பக்கம் இருக்கும். பலர் பின்னிணைப்பு என்று தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள், கதையின் முடிவு அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. இந்த நாவலின் திரைப்படத்தைப் பார்த்தவர்களும் அந்தப் பக்கங்களைத் தேடிப் படிக்கலாம்.

'தி சாமுராய்' இன்னும் கொஞ்சம் நீளம். 1613-ல் கப்பலேறி மெக்சிகோ, ஸ்பெயின், ரோம் போய் 1620-ல் திரும்பிய ஹசெகுரா என்ற நிஜத் தூதரின் கதை. காரியம் நடக்க வேண்டும் என்பதற்காக ஒப்புக்கு மதம் மாறியவர், ஊர் திரும்பும்போது அந்த மதத்துக்கே தடை. வாள் வீசாத சாமுராய். எனக்கு சைலன்ஸைவிட இதுதான் நெருக்கம்.

## ஒரு பார்வையில்

| | யோஷிகாவா | ஷிபா | இனோவே | எண்டோ |
|---|---|---|---|---|
| தொடங்க | முசாஷி | தி லாஸ்ட் ஷோகன் | துன்-ஹுவாங் | சைலன்ஸ் |
| அளவு | கிட்டத்தட்ட ஆயிரம் பக்கம் | சுமார் 250 | சுமார் 200 | சுமார் 200 |
| ஆங்கிலத்தில் | சுருக்கப் பதிப்பு | முழுமை | முழுமை | முழுமை |
| முன்னறிவு | கொஞ்சம் | நிறைய | கொஞ்சம் | தேவையில்லை |
| எங்கே சலிக்கும் | தற்செயல் சந்திப்புகள் | கிளைக்கதைகள் | அடங்கிய தொனி | சலிக்காது, வலிக்கும் |

லாஸ்ட் ஷோகனுக்கு 'நிறைய' என்று போட்டதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1853-ல் அமெரிக்கக் கப்பல்கள் வந்து கதவைத் தட்டியதிலிருந்து 1868 ஆட்சி மாற்றம் வரை என்ன நடந்தது என்று அரைமணி நேரம் படித்துவிட்டுப் போனால் போதும்.

வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள்: பதிப்புரிமைப் பக்கத்தில் 'சுருக்கப்பட்டது' என்று எங்காவது இருக்கிறதா, எத்தனையாவது தொகுதி என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கினால் முசாஷியின் முதுகு ஒட்டலையும் விரித்துப் பாருங்கள். என்னுடையது பாதியிலேயே இரண்டாகப் பிளந்துவிட்டது, இப்போது அது இரண்டு தொகுதி.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இது: 'நீர்' என்ற இரண்டாம் பகுதியில் அந்தப் பியோனிக் கொம்பு வருகிறவரை மட்டும் போங்கள். அது உங்களை ஒன்றும் செய்யவில்லை என்றால் குற்ற உணர்ச்சியே இல்லாமல் மூடிவிடுங்கள். கொம்பு பிடித்திருந்ததாம், ஆனாலும் மூடிவிட்டார். இப்போது பாலைவனத்தில் ஒட்டகக் கூட்டத்தோடு போய்க்கொண்டிருக்கிறார். முசாஷி அலமாரியில் நிற்கிறது, புத்தகக்குறியை இன்னும் எடுக்கவில்லையாம்.